பதினாறு சுற்று வரை நான்தான் முதல்

எனக்குப் பொறாமை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம். சிலருக்குப் பக்கத்து நிலத்து விளைச்சலைப் பார்த்தால் வரும், சிலருக்குத் தம்பி கட்டிய மாடியைப் பார்த்தால் வரும். எனக்கு ஓடுகிறவர்கள் மேல் வரும். அதிலும் ஓடி முடிக்கிறவர்கள் மேல்.

போன மாதம் எங்கள் ஊரான கரியமாணிக்கத்து வீட்டுக்குச் சில பிள்ளைகள் வந்தார்கள். வில்லியனூர், பாகூர் பக்கத்து இளவட்டங்கள் சேர்ந்து ஓர் ஓட்டக் குழு நடத்துகிறார்கள். ஞாயிறு காலையில் கலர் கலராகச் சட்டை போட்டுக்கொண்டு ரோட்டில் ஓடுவார்களே, அவர்கள்தான். முன்னால் நின்று பேசியவன் விக்னேஷ். மருந்துக் கம்பெனியில் வேலை, முப்பது வயது இருக்கும். 'அன்றும் இன்றும்' என்று ஒரு நிகழ்ச்சி வைக்கப் போகிறார்களாம். அன்று என்றால் மடுகரை சவரிநாதன், எங்கள் காலத்து நெடுந்தூர ஓட்டக்காரன். இன்று என்றால் பாகூர் அபிநயா, தேசியப் போட்டிகளில் ஓடிக்கொண்டிருக்கிற பெண். இரண்டு பேரில் யார் பெரிய ஓட்டக்காரர் என்று மேடையில் பேச வேண்டும்.

"நீங்கதான் பேசணும் ஐயா. சவரிநாதன் ஐயாகூட ஓடுனவங்கள்ல இந்தப் பக்கம் நீங்க ஒருத்தருதான் இருக்கீங்க," என்றான்.

கூட ஓடவில்லை தம்பி, முன்னால் ஓடினேன் என்று சொல்ல வந்தேன். பிறகு அடக்கிக்கொண்டேன். அவன் திரும்பியபோது முதுகில் பெரிய எழுத்தில் ஏதோ போட்டிருந்தது. என்னவென்று கேட்டேன்.

"பேசர்னு போட்டிருக்கு ஐயா. மாரத்தான்ல நான் பேசர். முதுகுல கொடி கட்டிக்கினு ஒரே வேகத்துல ஓடுவேன். என் பின்னாலயே வந்தா போதும், அவங்க நெனச்ச நேரத்துல முடிச்சிடலாம்."

"முடிச்சதும் உன்ன இன்னா பண்ணுவாங்க?"

"கட்டிப்புடிச்சிக்குவாங்க ஐயா. சில பேரு அழுதுபுடுவாங்க. செல்ஃபி எடுத்து, 'இவராலதான் முடிச்சேன்'னு போடுவாங்க."

"நீயும் கோட்டத் தாண்டுவியா?"

"தாண்டாம? எனக்கும் மெடல் குடுப்பாங்களே!"

அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கொழம்பில் உப்பு சரியில்லையா என்று வீட்டுக்காரி கேட்டாள். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. எரிந்தது என் வயிறுதான். இந்தப் பையன் செய்கிற அதே வேலையைத்தான் நான் பத்து வருஷத்துக்கு மேல் செய்தேன். என் முதுகில் யாரும் எதையும் எழுதவில்லை. நான் கோட்டைத் தாண்டியதும் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு நூற்பாலையில். அந்தக் காலத்தில் ஆலைக்கு ஆலை விளையாட்டு அணி உண்டு. பள்ளிக்கூடத்தில் நன்றாக ஓடுகிறான் என்று எடுத்தார்கள். என்னோடு அதே வாரம் சேர்ந்தவன் சவரி. இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே ஷிப்ட். மூக்கில் பஞ்சுத் தூசியோடு வெளியே வந்து, வாயைக் கொப்பளித்துவிட்டு ஆலைக்குப் பின்னால் உள்ள மண் மைதானத்தில் ஓடுவோம். முதல் இரண்டு வருஷம் அந்தப் பழகுகிற ஓட்டத்தில் ஒரு வாரம் அவன் ஜெயிப்பான், ஒரு வாரம் நான் ஜெயிப்பேன். இதை இப்போது சொன்னால் யார் நம்புகிறார்கள்?

அணியைப் பார்த்துக்கொண்டவர் மணவாளன் சார். ஆலையின் வெல்ஃபேர் ஆபீசர். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பதால், ஓட்டத்தைத் தொடங்கும்போது "ஸ்டார்ட்" என்று சொல்ல மாட்டார், "அலே!" என்பார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. சட்டைப் பையில் எப்போதும் வறுத்த மல்லாட்டை இருக்கும், வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதை உரித்துக்கொண்டே பேசுவார், ஆளைப் பார்க்க மாட்டார், உரிக்கிற தோலைத்தான் பார்ப்பார். சாதாரணமாக எல்லாரையும் வாடா போடா என்பார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது என்பதற்கு ஒரே அடையாளம், மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிடுவார். "நீங்க கொஞ்சம் வர்றீங்களா" என்றால் அன்றைக்கு ஒருவன் தொலைந்தான்.

அவர்தான் ஒரு நாள் மல்லாட்டையை உரித்துக்கொண்டே சொன்னார்: "கலியா, உனக்கு ஒரே சீரா ஓட வருது. அவனுக்குக் கடைசில பாய வருது. ரெண்டு பேரும் பாயணும்னு நெனச்சா ரெண்டும் போயிடும். நீ இழுத்துக் குடு. அவன் முடிக்கட்டும்."

பத்தாயிரம் மீட்டர் என்றால் மைதானத்தை இருபத்தைந்து முறை சுற்ற வேண்டும். அதில் பதினாறு சுற்று வரை நான் முன்னால் போக வேண்டும். பின்னால் வருகிற சவரி வேகத்தைப் பற்றி யோசிக்காமல் என் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தால் போதும். பிறகு நான் புல்லில் இறங்கிவிட வேண்டும். மிச்சச் சுற்றுகள் அவனுடையவை. ஆலையில் எனக்கு 'இழுவை' என்றே பெயர் வந்துவிட்டது. மற்ற ஆலை ஓட்டக்காரர்கள் காதுக்கும் அது போயிருந்தது.

கேட்பதற்கு ஒன்றுமில்லாத வேலை போலத் தெரியும். செய்து பார்த்தால் தெரியும். சாயங்காலம் கடல் காற்று அடிக்கும்போது எதிர்ப்பக்கம் ஓடினால் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். அந்தக் காற்று முழுவதையும் நான் வாங்க வேண்டும், அவன் என் முதுகுக்குப் பின்னால் சுகமாக வருவான். திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் மற்ற அணிக்காரனுக்கு நம் பயம் தெரிந்துவிடும். அதனால் காதால்தான் ஓட வேண்டும். சவரி இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பான். அந்தச் சரக் சத்தம் கிட்டே வந்தால் நான் வேகத்தைக் கூட்ட வேண்டும், தேய்ந்து போனால் குறைக்க வேண்டும்.

மணவாளன் சார் இரண்டாவது வளைவு முடிகிற இடத்தில் நிற்பார். அவருடைய கைக்குட்டைதான் எனக்கு உத்தரவு. தோளில் கிடந்தால் இப்படியே போ. கையில் பிடித்திருந்தால் இன்னும் முடுக்கு. மடித்துப் பையில் வைத்துவிட்டால் என் வேலை முடிந்தது, இறங்கு.

அதிலும் சும்மா இறங்க முடியாது. ஒருவனுக்காக இன்னொருவன் இழுத்துக் கொடுப்பதை அப்போது வெளிப்படையாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதனால் தொடையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து, நொண்டிக்கொண்டு இறங்க வேண்டும். அதையும் சார்தான் பழக்கினார். "வலது கால்டா, எப்பவும் வலது காலு. மாத்தி மாத்தி நொண்டினா சந்தேகம் வரும்." இந்த நொண்டலால் எனக்குப் பார்த்த முதல் சம்பந்தமே போனது. உறுவையாற்றுப் பெண். அவள் தாய்மாமன் ஏதோ போட்டியைப் பார்க்க வந்திருக்கிறார். "பையன் நல்ல பையன்தான். ஆனா கால்ல ஏதோ கோளாறு போலகீது, பாதியிலயே நின்னுபுடறான்," என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்குக் காலில் ஒன்றுமில்லை என்று யாரிடம் போய் நிரூபிப்பது? சொன்னால் அணியின் ரகசியம் போய்விடும்.

சவரி ஜெயித்துக்கொண்டே போனான். கோப்பை, மாலை, பத்திரிகையில் படம். படங்களில் அவன் கோட்டைத் தாண்டுவான். அந்த நேரத்தில் நான் உடை மாற்றும் அறையில் நல்ல காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

இனி கோயம்புத்தூர். ஆலைகளுக்கு இடையிலான போட்டிகளில் பெரியது அந்த வருஷம் அங்கே நடந்தது. எங்கள் முதலாளியே நேரில் வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார். சவரிக்கு இரண்டு நாளாக வயிறு சரியில்லை. சாரிடம் சொல்லாதே என்று என்னிடம் மட்டும் சொன்னான். நானும் சொல்லவில்லை.

"அலே" என்று தூரத்தில் சாரின் வாய் அசைந்தது, பழக்க தோஷம். அங்கே துப்பாக்கி சுட்டுத்தான் ஓட்டம் தொடங்கியது. நான் வழக்கம்போல முன்னால் போனேன். ஐந்தாறு சுற்று வரை பின்னால் அந்தச் சரக் சத்தம் கேட்டது. கைக்குட்டை தோளிலிருந்து கைக்கு வந்தது. முடுக்கினேன். அப்போது பின்னால் ஓடிய உள்ளூர் ஆலைக்காரன் ஒருவன் பக்கத்தில் வருகிறவனிடம் சொன்னது நன்றாகக் கேட்டது: "போகட்டும் உடுங்க, அது இழுவை. எப்படியும் எறங்கிக்கும்."

'அது' என்றான் பாருங்கள்.

பன்னிரண்டாவது சுற்றில் எனக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. என் மூச்சும் என் காலும் மட்டும். வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், அப்போதும் யாரும் வரவில்லை. பத்து வருஷத்தில் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தேன். நேர் பாதை முழுவதும் காலி. அதற்கும் அப்பால் ஒரு கும்பல், நடுவில் சவரி. எல்லாரும் சவரியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். அவன் மெதுவாகப் போனதால் அவர்களும் மெதுவாகப் போனார்கள். என்னை யாரும் ஓட்டக்காரனாகவே எண்ணவில்லை. என் கால்கள் அன்று எப்படி இருந்தன என்று எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி இருந்தன.

பதினாறாவது சுற்றில் வளைவைத் தாண்டினேன். சார் என்னைப் பார்த்துக்கொண்டே கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்தார். பார்க்காத மாதிரி ஓடிப் போய்விட்டேன். பதினேழாவது சுற்று என்று போட்டியில் நான் ஓடிய ஒரே சுற்று அதுதான். யாருடைய காலையும் கேட்க வேண்டியதில்லை. பந்தலில் இருந்தவர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். இருபத்தைந்தும் ஓடினால் நான்தான் முதல் என்று எனக்குத் தெரிந்தது. அது மனக்கணக்கு அல்ல, காலே சொன்னது.

மறுபடியும் வளைவுக்கு வந்தபோது சார் ஓடுபாதைக்கு ஓரமாகவே வந்து நின்றிருந்தார். கைக்குட்டையை வெளியே எடுத்து, எனக்குத் தெரிகிற மாதிரி திரும்ப மடித்து, திரும்பப் பையில் வைத்தார்.

"கலியபெருமாள், நீங்க எறங்கிக்கிறீங்களா?"

நீங்க என்றார். இறங்கிவிட்டேன். வலது தொடையைப் பிடித்துக்கொண்டேன், முகத்தைச் சுளித்தேன், நொண்டினேன். கூட்டம் 'ச்சு' கொட்டியது. தொண்டர் ஒருவர் ஓடி வந்து என்னைப் படுக்க வைத்து, தொடையில் ஐஸ் கட்டியை வைத்து அழுத்தினார். ஒன்றும் ஆகாத தொடை விறைத்துப் போக, புல்லில் கிடந்தபடி மிச்ச ஓட்டத்தைப் பார்த்தேன். சவரி இரண்டாவதாக வந்தான். ஜெயித்தவன் என்னை 'அது' என்று சொன்ன அந்த ஆள்.

திரும்பி வரும் ரயிலில் சார் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மல்லாட்டையை உரித்துப் பாதியை என் கையில் கொட்டினார்.

"மொதலாளி சவரியப் பாக்க வந்தாருடா. நீ ஜெயிச்சிருந்தா, யார் இதுன்னு கேப்பாரு. நான் இன்னான்னு சொல்றது? இழுவைன்னா?"

அவர் அப்பால் போனதும் சவரி வந்தான். முகம் வெளிறிக் கிடந்தது. "நான்தான் பின்னால செத்துகினு இருந்தேனே, நீ ஏன்டா எறங்குன? போயிருக்க வேண்டியதுதானே," என்றான். மனதாரச் சொன்னான். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் நன்றாகத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நல்லவன் மேல் பொறாமைப்பட்டால் வெளியே சொல்லவும் முடியாது, விடவும் முடியாது. அந்த இரண்டாம் பரிசுக்கே அவனைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். நான் ஆலை மூடும் வரை ஸ்பின்னிங்கில்தான் இருந்தேன்.

சரி, இந்தக் காலத்துக்கு வருகிறேன். நிகழ்ச்சி ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. பந்தலில் இரண்டு பெரிய படங்கள், ஒரு பக்கம் சவரி, மறுபக்கம் அபிநயா. இரண்டு பேரும் நேரிலும் வந்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் ஷூவைக் கையில் வாங்கிக் கட்டை விரலால் அடிப்பாகத்தை அழுத்திப் பார்த்தேன். இட்லி மாதிரி உள்ளே போய்விட்டு எழுந்து வந்தது. கையில் கட்டியிருக்கிற கடிகாரம் ராத்திரி அவள் எவ்வளவு தூங்கினாள் என்று சொல்கிறதாம். காலைப் பிடித்துவிட ஓர் ஆள், சாப்பாடு சொல்ல ஓர் ஆள். எனக்கு அவள் மேலும் எரிச்சல்தான். ஆனால் பேச்சோடு பேச்சாக அவள் ஒன்று சொன்னாள்: "எனக்கு இன்னும் பர்மனென்ட் வேலை இல்ல ஐயா. ஒரு ரேஸ் நல்லா ஓடலன்னா போன்ல யார் யாரோ திட்றாங்க." சவரிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஓட்டம் போனாலும் ஆலை இருந்தது. அவனைத் திட்டுவதென்றால் மடுகரைக்கு பஸ் ஏறி வர வேண்டும்.

இதையெல்லாம் மேடையில் சொன்னேன். அவன் மண்ணில் ஓடியதை, அவள் ரப்பர் தரையில் ஓடுவதை, அவன் ஷிப்ட் முடித்து ஓடியதை, அவள் மலை ஊரில் முகாம் போட்டு ஓடுவதை. கடைசியாக, "இந்த ரெண்டு பேரையும் தவிர இன்னொரு வகை ஓட்டக்காரனும் உண்டு" என்று ஆரம்பித்தேன். விக்னேஷ் ஓரத்தில் நின்று கடிகாரத்தைக் காட்டினான். நேரமாகிவிட்டதாம்.

சவரியிடம் மைக்கைக் கொடுத்து, யார் பெரியவர் என்று கேட்டார்கள். "இதுல இன்னா கேள்வி? இந்தப் பொண்ணு என்னத் தூக்கிச் சாப்ட்ரும்," என்றான். கைதட்டல் அடங்கவே இல்லை. நான் அத்தனை நேரம் ஆராய்ந்து பேசியதற்கு யாரும் இப்படித் தட்டவில்லை.

பிறகு சவரி மைதானத்தை ஒரு சுற்று மெதுவாக ஓடி வந்து, ரிப்பனைத் தாண்டி, அபிநயாவிடம் ஒரு கொடியைக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. அவனுக்கு முட்டி போய் நாளாகிறது. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினான்.

"கலியன் முன்னால போனாத்தான் எனக்குக் காலு வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் மைதானத்தில் இறங்கினேன். விக்னேஷ் என் காதருகே வந்து, "ஐயா, ரிப்பன் கிட்ட வந்ததும் கொஞ்சம் ஓரமா ஒதுங்கிக்கிங்க. போட்டோவுக்காக," என்றான். எவ்வளவு பணிவாகச் சொன்னான்!

ஓட்டம் என்று சொல்ல முடியாது, வேகமான நடைதான். எனக்குப் பின்னால் சவரியின் இடது கால் சரக்கென்று இழுபட்டு வந்தது. இப்போது வலது காலும் சேர்ந்து இழுத்தது. முதல் வளைவில் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். இரண்டாவது வளைவு திரும்பியதும் ரிப்பன் தெரிந்தது. சிவப்பு சாட்டின் துணி, இரண்டு பெண்கள் இரண்டு முனையையும் பிடித்திருந்தார்கள். விக்னேஷ் கையை ஆட்டி என்னை ஓரமாகப் போகச் சொன்னான். வலது கை தானாகவே தொடைப் பக்கம் போனது. இழுத்து மேலே கொண்டுவந்தேன். அந்தப் பெண்கள் என்ன செய்வது என்று தெரியாமல் விக்னேஷைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரிப்பன் என் நெஞ்சில் பட்டது. வழுவழுவென்று இருந்தது. அறுபத்தெட்டு வயதில்தான் எனக்கு அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

சவரி மூச்சிரைக்க வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"எறங்கலியாடா?"

"எறங்கல."

"சரி," என்றான்.

மறுநாள் காலையில் குழுவின் வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தைப் போட்டிருந்தார்கள். என்னையும் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டிருந்தார்கள், அதனால் எனக்கும் வந்தது. அருமையான படம். நெஞ்சில் ரிப்பன், இரண்டு கையும் மேலே, வாயெல்லாம் பல். வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள்தான் கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள்: 'மீண்டும் முதலிடம்! எங்கள் சவரிநாதன் ஐயா!' போட்டவன் யாரோ புதுப் பையன், எங்கள் முகம் தெரியாதவன். கீழே வாழ்த்துகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்காரி போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சவரி தன் குரலில் பேசி அனுப்பியிருந்தான்.

"டேய் புள்ளைங்களா, போட்டோவுல கீறது நான் இல்லடா. அது கலியபெருமாளு. நான் பின்னால வந்துகினு இருக்கேன், பாருங்க, ஓரத்துல என் வேட்டி மட்டும் தெரியுது. நான் ஜெயிச்சதெல்லாம் அவன் இழுத்துக் குடுத்ததுடா. நேத்து ஜெயிச்சது அவன்தான். பேர மாத்திப் போடுங்க."

இரண்டு முறை போட்டுக் கேட்டேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. நான் மேடையில் சொல்ல முடியாமல் போனதை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். மூன்றாம் முறை போடும்போதுதான் அதற்குக் கீழே பார்த்தேன். சிவப்பு சிவப்பாக இதயம் குவிந்துகொண்டிருந்தது. 'என்ன மனசு ஐயா உங்களுக்கு', 'இதுதான் உண்மையான வீரன்', 'தங்கமான மனுஷன்'. எல்லாம் அவனுக்கு. பெயரை மாற்றித் திரும்பப் போட்ட என் படத்துக்கு விக்னேஷ் மட்டும் ஒரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தான்.

கடைசியில் நானும் சவரிக்கு ஓர் இதயம் போட்டேன். போடாமல் விட்டால் பொறாமை பிடித்தவன் என்று சொல்லிவிடுவார்கள்.